பழைய லேப்டாப்பின் சூடும் செம்புத் தகடும்

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைக்கு டிசைன் மென்பொருள் ஓட வேண்டும். அதற்கு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் தேவை. புதிது வாங்க வசதியில்லாத நம் குடும்பங்கள் ஜூஜுவாடியைத் தாண்டி, பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போய், ஏழெட்டு வருடம் ஓடிய கேமிங் லேப்டாப் ஒன்றை வாங்கி வருகின்றன. சில மாதங்களில் அது கொதிக்கிறது, மெதுவாகிறது, பாதி வேலையில் அணைந்துபோகிறது. "போர்டு போய்விட்டது, வேறு வாங்குங்கள்" என்ற பதில் கடையில் எளிதாகக் கிடைக்கும். பல நேரங்களில் போனது போர்டு அல்ல. சூடு வெளியேறும் வழி அடைந்திருக்கும். ஓசூரில் லேத்திலும் சிஎன்சியிலும் வேலை செய்யும் நம் இளைஞர்களுக்கு இந்த வழியைச் சீராக்கும் கைத்திறனில் பாதி ஏற்கெனவே உண்டு. மீதிப் பாதியை இங்கே பார்ப்போம்.

2017-இல் வந்த இன்டெல் ஐ7-7700ஹெச்கியூ சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் வெப்பக் கணக்கு 45 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு கட்டைவிரல் நகமளவு இடத்தில் பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டிகிரியைத் தொட்டால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "லேப்டாப் ஸ்லோ ஆகிவிட்டது" என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

நிக்காஹ் விருந்துக்கு வரும் செம்பு தேக்சாவை நினைத்துப் பாருங்கள். விறகு ஓரிடத்தில் எரிந்தாலும் அடிப்பாகம் முழுவதும் சூடு பரவுகிறது, சோறு ஓரிடத்தில் மட்டும் கருகுவதில்லை. செம்பின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400, அலுமினியத்தின் திறன் ஏறக்குறைய 235, பித்தளையினுடையது 120-க்கு அருகில். லேப்டாப்பிலும் செம்பின் வேலை பரப்புவதுதான். சிப்பிலிருந்து செம்புத் தகட்டுக்கு, அங்கிருந்து ஹீட்பைப்புக்கு, அதன் மறுமுனையில் உள்ள மெல்லிய ஃபின் தகடுகளுக்கு, கடைசியாக விசிறிக் காற்றுக்கு என்று சூடு பயணப்படுகிறது.

பரப்புவதையும் விழுங்குவதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பளபளக்கும் செம்புக் கட்டியை உள்ளே ஒட்டினால் சூடு தீர்ந்தது என்று நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் செம்பை ஒரு டிகிரி சூடாக்க 0.385 ஜூல் போதும். 100 கிராம் கட்டி 40 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற 2,310 ஜூல். 45 வாட் சிப் அதை 51 வினாடியில் கொடுத்துவிடும். ஃபின்னும் காற்றும் இல்லாத செம்பு ஒரு நிமிட அவகாசம் தரும், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். காற்றின் கடத்துதிறன் 0.026. அதாவது, சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டர் காற்று இடைவெளி இருந்தால், அது ஒன்றரை மீட்டர் நீளச் செம்பைக் கடப்பதற்குச் சமமான தடை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். நல்ல பேஸ்ட்டின் திறனும் 5-ஐ ஒட்டித்தான் இருக்கும். 0.1 மில்லிமீட்டர் பேஸ்ட், 1 மில்லிமீட்டர் செம்பைப் போல 8 மடங்கு தடை தரும். ஆகவே கனமான செம்பு தேடுவதற்கு முன் மட்டமான செம்பு தேட வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதில் கை வைக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். முதல் வேலை தூசி. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரிகளை ஒட்டிய ஊர்களில் ஃபின் இடுக்குகள் கம்பளி போல அடைந்துவிடும். விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். பிறகு காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது இடுங்கள். பல லேப்டாப்களுக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும். செம்பே வேண்டாம்.

அதற்கும் அடங்காவிட்டால்தான் செம்புத் தகடு. சில பழைய மாடல்களில் கிராபிக்ஸ் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடித்த ரப்பர் போன்ற பேட் இருக்கும். அதை எடுத்துவிட்டு செம்புத் துண்டு வைக்கலாம். இடைவெளியை ஊகிக்கக் கூடாது. சிப்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் மிளகளவு வைத்து, ஹீட்சிங்கைத் திருகி, மீண்டும் கழற்றி, நசுங்கிய கனத்தை வெர்னியரில் அளங்கள். 0.9 வந்தால் 0.8 தகடு, மீதிக்குப் பேஸ்ட். 1.0 வைத்தால் பக்கத்திலுள்ள மற்ற சிப் தூக்கிக்கொண்டு காற்றில் நிற்கும். அல்லது மூடியில்லாத அந்தச் சிலிக்கானின் மூலை உடையும். திருகுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குவது இதனால்தான். நினைவகச் சிப்களுக்குப் பேட்டே இருக்கட்டும். செம்பு மின்சாரத்தையும் கடத்தும், நழுவி விழுந்தால் போர்டு உண்மையிலேயே போய்விடும்.

செம்பு எங்கே கிடைக்கும்? மின் பேனல் போர்டுகளில் வரும் பஸ்பார் பட்டைகள் தூய செம்பு. காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். ஏசி குழாய்ச் செம்பில் பாஸ்பரஸ் கலப்பதால் திறன் சற்றுக் குறைவு. பித்தளையைச் செம்பென்று தருவதும் உண்டு, ஓரத்தை அரத்தால் தேய்த்து நிறம் பாருங்கள். கம்பெனியில் கிடக்கும் கழிவுத் துண்டானாலும் முதலாளியிடம் கேட்டு, விலை கொடுத்து எடுங்கள். ஷிப்ட் முடிந்து பையில் போட்டு வருவது அமானிதத்தில் கை வைப்பதாகும். மெஷினைப் பயன்படுத்துவதற்கும் அனுமதி வேண்டும்.

வயர்-கட்டில் வெட்டினால் ஓரம் சுத்தமாக வரும். சர்ஃபேஸ் கிரைண்டர் சரிப்படாது. செம்பைக் காந்த மேசை பிடிக்காது, மென்மையான உலோகம் கல்லையும் அடைக்கும். தடித்த கண்ணாடியின் மேல் 400, 800, 1200 எண் உப்புத்தாளை வரிசையாக ஒட்டி, சோப்புத் தண்ணீர் விட்டு, எட்டு வடிவில் கையால் தேய்ப்பதே நல்லது. மார்க்கர் பேனாவால் கோடுகள் போட்டுத் தேய்த்தால் பள்ளமான இடத்தில் மை தங்கும். மை முழுவதும் ஒரே சீராக மறையும்வரை தேய்க்க வேண்டும். கண்ணாடிபோல் மின்ன வேண்டிய அவசியமில்லை.

ஹீட்பைப்பை மட்டும் எளிதாக எண்ண வேண்டாம். அது திடமான கம்பி அல்ல. உள்ளே சிறிது தண்ணீர், காற்று நீக்கி மூடப்பட்டிருக்கிறது. தண்ணீர் சூட்டில் ஆவியாகி மறுமுனையில் குளிர்ந்து திரும்புகிறது. துளையிட்டால், அறுத்தால் அது வெறும் குழாய். கேஸ் டார்ச் காட்டினால் ஆபத்து: 180 டிகிரியிலேயே உள்ளே வளிமண்டலத்தைப் போல 10 மடங்கு அழுத்தம் ஏறும். ஃபின்னையோ தகட்டையோ பற்றவைக்க வேண்டுமானால் 138 டிகிரியில் உருகும் வெள்ளீய-பிஸ்மத் பற்றைக் கேட்டு வாங்குங்கள். திரவ உலோகம் என்று விற்கும் காலியம் கலவையையும் தவிர்க்கலாம், அது அலுமினியத்தை அரித்துவிடும்.

செம்பால் ஆகாததும் உண்டு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்கள் சிலவற்றில் சிப்பைப் பொதியும் பொருள் பலவீனமாக இருந்ததால் 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. அக்கால ஹெச்பி பெவிலியன் டிவி6000 வகை லேப்டாப்களில் செம்புத் துண்டு வைத்து உயிர்கொடுத்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். சிப்பின் உள் இணைப்பே விட்டுப்போன லேப்டாப்களுக்குக் கிடைத்தது தவணை மட்டுமே. திரையில் கோடுகள் வரும் பழைய லேப்டாப்பை விலை பேசும்போது இது நினைவிருக்கட்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததையும், 7-ஆம் தலைமுறை இன்டெல் சிப்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லாததையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

மூடி திருகியபின் சோதனை. வெப்பம் காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்து, கனமான வேலை ஒன்றை அரை மணி நேரம் ஓட்டுங்கள். தொடங்கிய இரண்டு மூன்று வினாடிகளிலேயே 95-க்குத் தாவினால் சிப்பும் தகடும் சரியாகத் தொடவில்லை, மறுபடி கழற்றுங்கள். ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடானால் தகடு சாய்ந்திருக்கிறது. ஐந்து பத்து நிமிடம் எடுத்து மெல்ல ஏறினால் தகட்டில் குறையில்லை, ஃபின்னையும் விசிறியையும் பாருங்கள். மெத்தையின் மேல் வைத்து ஓட்டியிருந்தால், முதலில் மேசைக்கு மாற்றிவிட்டு மீண்டும் அளங்கள்.