விலாசம் தப்பிய பயம்

அன்புள்ள செல்விக்கு,

சித்தேரி மலையில் வேலைக்குச் சேர்ந்ததும் சண்டையா? குழந்தைக்கு ஊசி போடப் போன இடத்தில், "கொரோனா ஊசியிலேயே எங்க மரபணுவை மாத்திட்டீங்க, எம்ஆர்என்ஏவாம்" என்று ஒரு பையன் போனைக் காட்டி மறித்தான் என்கிறாய். அவனை இளக்காரமாக நினைக்காதே. பயம் நியாயம்தான், விலாசம்தான் தப்பு.

2021 ஜனவரியிலிருந்து நம் அரசு முகாம்களில் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். இரண்டுமே எம்ஆர்என்ஏ ஊசி இல்லை. கோவாக்சின், செயலிழக்க வைத்த வைரஸ். கோவிஷீல்டில் வேறொரு வைரஸ் டிஎன்ஏ துணுக்கைச் சுமந்து வரும். அதைப் பார்த்து எம்ஆர்என்ஏவை நம் செல்லே எழுதிக்கொள்ளும். இதையும் மறைக்காமல் சொல்லிவிடு.

எம்ஆர்என்ஏ என்பது சார்பதிவாளர் ஆபீஸில் வாங்கும் நகல் மாதிரி. மூலப் பத்திரமான டிஎன்ஏ உட்கருவிலேயே இருக்கும். நகல் மட்டும் ரைபோசோமுக்குப் போய், எந்தப் புரதம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே சிதைந்துவிடும். ஊசியில் வரும் எம்ஆர்என்ஏ உட்கருவுக்குள் போவதே இல்லை. ரைபோசோமின் கட்டமைப்பைக் கண்டதற்காக 2009இல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அந்தப் பையனிடம் இதைச் சொல்லு, காது கொடுப்பான்.

வெளியிலிருந்து எம்ஆர்என்ஏவைச் செலுத்தினால் உடல் அதை எதிரியாக நினைத்து அழற்சியைக் கிளப்பும். அதன் எழுத்துகளில் ஒன்றான யூரிடினைச் சற்றே மாற்றினால் அது அடங்கும் என்று 2005இல் காட்டியவர்கள் கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும். கரிக்கோவைப் பல்கலைக்கழகம் பதவியிறக்கம்கூடச் செய்திருந்தது, மனுஷி விடவில்லை. 2023இல் இருவருக்கும் நோபல்.

எம்ஆர்என்ஏ வகையான ஃபைசர் ஊசிக்கு ஆரம்பத்தில் மைனஸ் 70 டிகிரி குளிர் வேண்டியிருந்தது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஐஎல்ஆர் குளிர்பெட்டியில் இருப்பது 2 முதல் 8 டிகிரி. அந்த ஊசி மலையேறுவது எங்கே! புனேயின் ஜெனோவா நிறுவனம் 2022 ஜூனில் அனுமதி வாங்கிய ஜெம்கோவாக்கும் எம்ஆர்என்ஏ ஊசிதான். ஆனால் 2 முதல் 8 டிகிரி அதற்குப் போதும்.

பக்கவிளைவே கிடையாது என்று மட்டும் அடித்துப் பேசாதே. எம்ஆர்என்ஏ ஊசியால் இளைஞர்களுக்கு அரிதாக இதயத்தசை அழற்சி வந்ததுண்டு. கோவிஷீல்டு வகையில் அரிதாக ரத்த உறைவு. கேட்டால் உள்ளதைச் சொல்.

வரும் புதன்கிழமை அதே வீட்டுக்கு மறுபடியும் போ. குழந்தைக்குப் போட வேண்டிய பென்டாவேலன்ட் ஊசிக் குப்பியை அவன் கையிலேயே கொடுத்து லேபிளைப் படிக்கச் சொல். அதில் எம்ஆர்என்ஏ இல்லை. குழந்தைக்குத் தவணை தள்ளிப்போக விடாதே.

பெரியம்மா