வைஃபையில் நிலைத்து நில்லாத வீட்டுச் சாதனங்கள்

நகரத்து மாளிகைகளில் மட்டும் காணக்கிடைத்த சில நூதன சாதனங்கள் இன்று நம் கிராமத்து வீடுகளிலும் இடம்பெற்றுவிட்டன. மாட்டுத் தொழுவத்தைக் கண்காணிக்கும் கேமரா, மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரைச் செல்போனிலிருந்தே இயக்கும் ஸ்விட்ச், அந்தி வேளையில் தானே எரியும் வாசல் விளக்கு ஆகியவை அவற்றுள் சில. 2011-ஆம் ஆண்டில் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற்று, 2015-ல் பாரத்நெட் எனப் பெயர் மாறிய கண்ணாடி இழைத் திட்டம் நம் மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. தனியார் இணைப்புகளும் பல ஊர்களில் பரவியுள்ளன. இணையம் புகுந்த வீட்டில் இச்சாதனங்களும் பின்தொடர்ந்து வருதல் இயல்பே.

ஆயினும், வாங்கிய சில மாதங்களுக்குள்ளாகவே, “காலையில் இருந்தது, மாலையில் காணவில்லை” என்னும் குறை பல வீடுகளில் எழுகிறது. சாதனத்தில் உயிர் இருக்கும், விளக்கு மினுக்கும், செல்போனிலோ ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். உடனே சாதனம் பழுதென்று கருதிப் புதியதை வாங்குவோர் உண்டு. நாம் கண்ட வரையில், பெரும்பாலான இடங்களில் குற்றம் சாதனத்தினுடையதன்று. வெளியூரில் பணிபுரியும் மக்கள், தனித்து வாழும் தாய் தந்தையரின் நலத்தை ஒரு கேமராவின் வாயிலாக அறிந்து மன அமைதி கொள்ளும் காலம் இது. அது திடீரென மறையும்பொழுது அவர்கள் அடையும் கலக்கம் சிறிதன்று. ஆகையால் இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. மூதாட்டி ஒருவர் இரண்டு கறவை மாடுகளுடன் அங்கே தனியே வசிக்கிறார். சென்னையில் இருக்கும் மகன், தாயார் நடமாடுவதைக் காண வேண்டித் தொழுவத்தில் ஒரு கேமராவைப் பொருத்தியிருந்தார். நாள்தோறும் மாலையில் அது மறைந்துவிடும். மறுநாள் காலையில் திரும்பிவிடும். மறைந்ததும் மகன் செல்போனில் அழைப்பார். தாயார் வேலையாக இருந்தால் மணியோசை காதில் விழாது. அடுத்த தோட்டத்தார் டார்ச் விளக்குடன் ஓடிவந்து பார்க்க வேண்டியதாகும். “பொழுதோட ஆனா அது கண்ணை மூடிக்குது கண்ணு, நான் என்ன பண்ணட்டும்?” என்பது அம்மூதாட்டியின் பதில். கேமராவை இருமுறை மாற்றியும் பயனில்லை.

இறுதியில், அது மறையும் நேரத்தை ஒரு வாரம் நாட்காட்டித் தாளில் குறித்துவைக்கச் சொன்னோம். ஆறு நாட்கள் சரியாக ஆறு மணியை ஒட்டி மறைந்திருந்தது. ஒரு நாள் மட்டும் இரவு ஒன்பது வரை மறையவில்லை. அன்று என்ன விசேஷம் என்று வினவினோம். பசு கன்று ஈன்றமையால், தொழுவத்தின் தகரக் கதவை நெடுநேரம் சாத்தவில்லை என்று தெரியவந்தது. வீட்டிலிருக்கும் ரவுட்டருக்கும் தொழுவத்துக் கேமராவுக்கும் நடுவே நாள்தோறும் மாலையில் சாத்தப்பட்ட அந்தத் தகரக் கதவே இத்தனை கவலைக்கும் காரணமாயிருந்தது.

வைஃபை என்பது வானொலி அலை. இத்தகைய வீட்டுச் சாதனங்களுள் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையையே கையாளுகின்றன. அதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். ஓட்டுக் கூரையையும் மரப்பலகையையும் இவ்வலை எளிதில் கடக்கும். செங்கல் சுவரில் ஓரளவு வலுவிழக்கும். ஒன்றரை அடி மண்சுவரில், அதிலும் மழையில் ஈரம் ஊறிய சுவரில், மிகவும் தளர்ந்துவிடும். நீர் நிறைந்த தொட்டி அதனை உறிஞ்சிக்கொள்ளும். தகரமும் இரும்புமோ அதனைத் திருப்பியே அனுப்பிவிடும். இதை அறியாது பலர் ரவுட்டரை இரும்பு பீரோவின் மேலும், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னும் வைத்துவிடுகின்றனர். மோட்டார் ஸ்விட்சை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அது பேசவில்லையே என்று வருந்துவோரும் உளர். இரும்புப் பெட்டிக்குள் இருப்பவனைத் தெருவிலிருந்து கூப்பிட்டால் அவனுக்குக் கேட்குமா? பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினால் போதும்.

மேற்கூறிய தோட்டத்து வீட்டில் ரவுட்டரைப் பீரோவின் மேலிருந்து எடுத்து, தொழுவத்தை நோக்கிய ஜன்னலுக்கு அருகில் ஆள் உயரத்தில் மாட்டினோம். கேமராவைக் கதவின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கிச் செங்கல் சுவரின் பக்கம் பொருத்தினோம். செலவு இரண்டு ஆணிகளே.

அலையின் வலுவை அளக்கவும் வழியுண்டு. பல சாதனங்களின் செயலியிலேயே அவ்வெண் காட்டப்படும். அது கழித்தல் குறியுடன் வரும். எண் பெரிதாகப் பெரிதாக வலு குறைவு என்று கொள்ள வேண்டும். மைனஸ் 50 மிக நன்று. மைனஸ் 67 வரை கவலையில்லை. மைனஸ் 80-ஐத் தாண்டினால் இணைப்பு அடிக்கடி அறுபடும். சாதனம் இருக்கும் இடத்தில் செல்போனைப் பிடித்துப் பார்த்து, ‘எனக்கு நன்றாகக் கிடைக்கிறதே’ என்று முடிவுகட்டலாகாது. செல்போனின் ஏற்கும் திறன் சிறு ஸ்விட்சினுடையதைவிடப் பெரும்பாலும் மேலானது.

இனி, வேறு காரணங்களைக் காண்போம். மின்தடைக்குப் பின்னரே சாதனம் மறைகிறது என்றால், விழித்தெழும் வரிசையில் கோளாறு உண்டென்று அறியலாம். மின்சாரம் திரும்பியதும் விளக்கும் ஸ்விட்சும் சில விநாடிகளில் எழுந்து ரவுட்டரைத் தேடுகின்றன. ரவுட்டரும் இழைப் பெட்டியும் ஆயத்தமாக ஓரிரு நிமிடங்கள் ஆகின்றன. அதுவரை தேடிச் சலித்த சில சாதனங்கள் முயற்சியையே விட்டுவிடுகின்றன. ஐந்து நிமிடம் பொறுத்து, சாதனத்தை ஒருமுறை நிறுத்திப் போட்டால் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் இதுவே தீர்வாயின், ரவுட்டருக்கும் இழைப் பெட்டிக்கும் ஒரு சிறு பேட்டரிப் பெட்டி வாங்கிவைத்தல் நலம். அடாப்டரின் மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவும் அதன் அளவும் ஒன்றாயிருக்க வேண்டும்.

புதிய ரவுட்டர் மாட்டிய அன்றே எல்லாச் சாதனங்களும் மறைந்தன என்றால் காரணம் வெளிப்படை. அவை பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் தேடிக்கொண்டிருக்கும். புதிய ரவுட்டருக்கும் அதே பெயரையும் அதே சொல்லையும் எழுத்துப் பிசகாமல் கொடுத்தால் பெரும்பாலானவை தாமே வந்து சேரும். புதிய ரவுட்டர்கள் சில 2.4, 5 என்னும் இரு அலைகளையும் ஒரே பெயரில் கலந்து தருகின்றன. 5-ஐ அறியாத சிறு சாதனங்கள் இதனால் இடர்ப்படுவதுண்டு. 2.4-க்குத் தனிப்பெயர் கொடுத்து, சாதனங்களை அதில் மட்டும் சேர்த்தால் குழப்பம் தீரும். 2018-ல் வெளிவந்த டபிள்யூ.பி.ஏ. 3 என்னும் பாதுகாப்பு முறையை அறியாத பழைய சாதனங்களுக்கு, டபிள்யூ.பி.ஏ. 2 முறையையும் ரவுட்டரில் அனுமதிக்க வேண்டும். வீடுகள் நெருங்கிய தெருவாயின், அண்டை வீட்டு அலையுடன் மோதாதபடி 1, 6, 11 என்னும் சேனல்களுள் நெரிசல் குறைந்ததைத் தெரிந்துகொள்க. தோட்டத்து வீடுகளுக்கு இக்கவலை பெரும்பாலும் இல்லை.

குறிப்பிட்ட இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தவறாமல் அறுபடுமாயின், முகவரியைச் சந்தேகிக்கலாம். ரவுட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு எண்ணை, ஒரு கால வரையறைக்குக் குத்தகையாகத் தருகிறது. ஒரே எண்ணை இரு சாதனங்கள் பெற்றுவிட்டால் ஒன்று மற்றதைத் தள்ளும். நம் வீடுகளில் இது எங்ஙனம் நேர்கிறதென்றால், இழைப் பெட்டியும் எண் வழங்கும். பின்னர் வாங்கி மாட்டிய ரவுட்டரும் எண் வழங்கும். ஒரு குடும்பத்துக்கு ஒருவரே கணக்கு வைத்துக்கொள்வதுபோல, எண் வழங்குவதும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். மற்றதில் அவ்வேலையை நிறுத்திவிடலாம்.

சாதனங்கள் யாவும் ஒருசேர மறைந்து, செல்போனிலும் வைஃபை வழியே ஒன்றும் திறக்கவில்லையாயின், இழைப் பெட்டியைப் பார்க்கவும். எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால் இழை அறுந்தோ மடிந்தோ இருக்கிறது என்பது பொருள். வீட்டில் எதை மாற்றினாலும் பயனில்லை. இணைப்பு தந்தவருக்குத் தெரிவிக்க வேண்டியதே. ஜன்னல் கதவில் இழை நசுங்காதபடி பார்த்துக்கொள்வது நம் வேலை.

எதனையும் பிரிக்குமுன், மறையும் நாளையும் மணியையும் ஒரு வாரம் குறித்துவையுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வோம். ஒரே வேளையில் அறுபட்டால் கதவையும் வீட்டுப் பழக்கத்தையும் பாருங்கள். மின்தடையை ஒட்டி அறுபட்டால் பேட்டரியைப் பாருங்கள். யாவும் சேர்ந்து அறுபட்டால் இழையைப் பாருங்கள். பழுது பார்க்க வருபவருக்கும் அத்தாள் பேருதவியாகும்.

மோட்டார் விஷயத்தில் மட்டும் மிகுந்த ஜாக்கிரதை தேவை. ஒரு குதிரைச் சக்தி மோட்டார் ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கைத் தொடங்கும் கணத்தில் எடுக்கும். விளக்குக்கென வாங்கிய சிறு பிளக்கில் அதனை நேரே மாட்டலாகாது. மின்பணியாளரைக் கொண்டு கான்டாக்டர் வைத்து இணைக்க வேண்டும். அன்றியும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையில் வைஃபை அறுந்தால் செல்போனிலிருந்து நிறுத்த இயலாது. கிணற்றில் நீர் வற்றி மோட்டார் வெறுமையாய் ஓடினால் காயில் கருகிவிடும். தொடங்கும் வேலையை வைஃபையிடம் கொடுக்கலாம். நிறுத்தும் வேலையைத் தொட்டியில் ஒரு மிதவை ஸ்விட்சிடமும், கிணற்றுப் பக்கம் வறண்ட ஓட்டத்தைத் தடுக்கும் கருவியிடமும் கொடுக்க வேண்டும். அவை இணையத்தை எதிர்பாராமல், நள்ளிரவில் எவரும் விழித்திராத வேளையிலும் மோட்டாரை நிறுத்திவிடும்.