மாட்டு வயிற்றுக்குள் ஒரு வனஸ்பதி ஆலை

மாடு தின்னும் புல்லிலும் புண்ணாக்கிலும் இருப்பது பெரும்பாலும் நிறைவுறாக் கொழுப்பு. ஆனா பாலில் வரும் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்றது. அளவு மீறினால் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது. நடுவில் என்னதான் நடக்குது?

பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதியை மடியே தயாரிக்கிறது. மீதி தீவனத்திலிருந்தும் மாட்டின் உடம்பிலிருந்தும் வருகிறது. தீவனக் கொழுப்பு முதலில் 'ரூமென்' என்ற முதல் வயிற்றைத் தாண்டணும். வனஸ்பதி ஆலையில் எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் வினையூக்கி சேர்த்து, ஹைட்ரஜனைச் செலுத்துவாங்க இல்லையா? ரூமெனில் அதே வேலையை 39 டிகிரியில் பாக்டீரியாக்கள் முடித்துவிடுகின்றன. நிறைவுறாக் கொழுப்பு அவற்றுக்கு விஷம். அதனால் இது தற்காப்பு!

சரி, எண்ணெயை நிறைய ஊற்றினால்? நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் அடிபடும். வழிமாறி உருவாகும் சில டிரான்ஸ் கொழுப்புகள் மடிக்குப் போய், கொழுப்புத் தயாரிப்பையே குறைத்துவிடும். அதனால்தான் தீவனத்தின் உலர் எடையில் மொத்தக் கொழுப்பு 6-7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள்.

இதற்கு ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகள் 1970 வாக்கில் ஒரு வழி கண்டார்கள். எண்ணெய்த் துளிகளைக் கேசீன் புரதத்தால் மூடி, ஃபார்மால்டிஹைடால் இறுக்கினார்கள். ரூமெனின் பி.எச். 6-7, உறை அங்கே தாங்கும். நான்காம் வயிற்றின் பி.எச். 2-3, அங்கே உடையும். பாலில் லினோலிக் அமிலம் வழக்கமான 2-3 சதவீதத்திலிருந்து 20-ஐயும் தாண்டியது. ஆனால் அந்தப் பால் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடைந்து வாடை அடித்தது.

எளிய வழிகளும் உண்டு. பசும்புல் மேயும் மாட்டின் பாலில் ஒமேகா-3 கூடும். ஆளிவிதையை அளவோடு கொடுத்தாலும் கொஞ்சம் கூடும். மாற்றம் சிறியது, ஆனால் மாட்டுக்கும் பாலுக்கும் தொல்லை இல்லை.

இன்னொரு சிக்கல் இருக்கு. நம்மூர் பால் சொசைட்டியில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் காசு. எந்தக் கொழுப்பு என்று யாரும் பார்ப்பதில்லை. நல்ல கொழுப்புக்காகத் தீவனத்தை மாற்றி, மொத்தக் கொழுப்பு கொஞ்சம் குறைந்தாலும் நஷ்டம் விவசாயிக்குத்தான். கொழுப்பின் வகையைப் பிரித்துச் சொல்ல இன்றைக்கு கேஸ் குரோமட்டோகிராஃப் மாதிரி விலையுயர்ந்த கருவி வேணும். சொசைட்டி வாசலிலேயே, குறைந்த செலவில், நொடிகளில் சொல்லும் சென்சார் வந்தால்? இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? இதை யோசிச்சுப் பாருங்க!