கடைக்கு மென்பொருள்: செய்விப்பதா, ஆயத்தமாக உள்ளதை வாங்குவதா?

சென்ற மாதம் ஒரு நாள் ளுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது, அடுத்த தெருவில் டைல்ஸ் வியாபாரம் செய்யும் இளைஞர் ஒருவர் கையில் கோவையொன்றுடன் காத்திருந்தார். உள்ளே ஒரு கொட்டேஷன். அவரது கடைக்கென்றே தனியாக ஒரு மென்பொருள் எழுதித் தர ஆறரை இலட்சம் ரூபா. அதில் பாதி முற்பணம்.

"நானா, நாளைக்குக் கையெழுத்து வெக்கச் சொல்றாங்க. நீங்க முந்தியே இதெல்லாம் செஞ்ச ஆள். என்ன சொல்றீங்க?" என்றார்.

செய்த ஆள் என்று மரியாதையாகச் சொன்னார். உண்மையில் நான் சூடு கண்ட ஆள். அவரிடம் சொன்னதை இங்கு எழுதினால் இன்னும் நாலு பேருக்குப் பிரயோசனப்படலாம்.

எனது கடை பழைய சோனகத் தெருவில். ஹார்ட்வெயார் மொத்த வியாபாரம். ஆணி, பைப், வயர், பெயின்ட், பூட்டு என்று நாலாயிரம் வகைச் சாமான் உண்டு. வாப்பா காலத்திலிருந்து கணக்கப்பிள்ளையின் பேரேடுதான். 2014 இல் கணினிக்கு மாறத் தீர்மானித்தேன். சந்தையில் ஆயத்தமாகக் கிடைத்த மென்பொருள் ஒன்றிரண்டை விற்பனையாளர்கள் காட்டினார்கள். நான் அரை மணி நேரம்கூடப் பார்க்கவில்லை. "எங்கட வியாபாரம் வேற மாதிரி, இதெல்லாம் சரிவராது" என்று அனுப்பிவிட்டேன். நமது வியாபாரிகளில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் இதைத்தான் சொல்வார்கள். வயர் சுருளாக வருகிறது, மீற்றரில் போகிறது. ஒரே பூட்டுக்கு மூன்று வாடிக்கையாளருக்கு மூன்று விலை. வசூலில் பெரும்பகுதி பின் திகதியிட்ட காசோலை. இதெல்லாம் வெளிநாட்டில் மென்பொருள் செய்பவனுக்கு எங்கே தெரியப் போகிறது என்பது எனது எண்ணம்.

தெரிந்தவர் ஒருவரின் மகன் கணினி படித்துவிட்டு இருந்தார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரர். இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்குப் பேசி முடித்தோம். மூன்று மாதம் என்றது ஏழு மாதமானது. அதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நான் வாரத்துக்கு ஒரு புதிய யோசனை சொன்னேன். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாமல் வேலையை ஆரம்பித்திருந்தேன்.

ஒரு வருடம் நன்றாக ஓடியது. வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

பிறகு 2016 வந்தது. மே மாதம் 2 ஆம் திகதி வற் வரி 11 வீதத்திலிருந்து 15 ஆனது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியதால் மீண்டும் 11. நவம்பர் முதலாம் திகதி மறுபடியும் 15. மூன்று தடவையும் பையன் வந்து புரோகிராமைத் திறந்து எண்ணை மாற்றிவிட்டுப் போனார். அடுத்த வருடம் ஒரு கம்பனிக்காரர் தமது கணக்காய்வுக்காக 2016 மார்ச் மாதப் பற்றுச்சீட்டுகளின் பிரதி கேட்டார். அச்சிட்டுக் கொடுத்தோம். மறுநாளே அவர்களது கணக்காளர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். மார்ச் மாதப் பில்லில் 15 வீதம் வரி! வரி வீதம் ஒவ்வொரு பில்லோடும் பதிவாகாமல், முழுப் புரோகிராமுக்கும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. எண்ணை மாற்றியவுடன் பழைய பில்களும் சேர்ந்தே மாறிவிட்டன. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு நாம் கொடுத்த விபரம் ஒன்று, எமது கணினி சொல்வது வேறொன்று. பேரேட்டின் கார்பன் பிரதிகளைக் கணக்கப்பிள்ளை எறியாமல் வைத்திருந்ததால் தப்பினோம். (அவரை நான் பழைய காலத்து ஆள் என்று கேலி செய்ததுண்டு.)

2019 டிசம்பரில் வற் 8 வீதமானது. 2020 ஜனவரியிலிருந்து வற் பதிவுக்கான எல்லை வருடத்துக்கு 30 கோடி ரூபா விற்பனையாக உயர்ந்தது. என்னைப் போன்ற பலர் வற் வரியிலிருந்து வெளியே வந்தோம். வரி அறவிட உரிமையில்லாத நான், வரி போட்ட பில் கொடுக்கக் கூடாது. ஆனால் வரி வரி இல்லாமல் பில் அடிக்க எமது புரோகிராமுக்குத் தெரியாது. பையனோ அப்போது டோஹாவில் தொழிலில் இருந்தார். வட்ஸ்அப்பில் ஸலாம் சொல்வார், "இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை லீவில பார்க்கிறேன் அங்கிள்" என்பார். எத்தனை வெள்ளி போயிற்று! வேறொருவரைக் கூட்டி வந்து காட்டினேன். மூலப் புரோகிராம் எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்தது ஓடும் பிரதி மட்டும். எழுதியது விசுவல் பேசிக் 6 இல் என்றும், அந்தக் கருவிக்கு மைக்ரோசொஃப்ட் 2008 இலேயே ஆதரவை நிறுத்திவிட்டது என்றும் அவர் விளக்கினார். அதாவது என் புரோகிராம் பிறக்கும்போதே கிழவன்.

அந்த மாதம் முழுவதும் கையால் பில் எழுதினோம். பிறகு டேலி வாங்கினேன்.

வாங்கிய பிறகுதான் வெட்கமாக இருந்தது. வயரைச் சுருளிலும் மீற்றரிலும் சேர்த்துக் கணக்கு வைக்க அதில் வழி இருந்தது. வாடிக்கையாளர் தரத்துக்கு ஏற்ப வெவ்வேறு விலைப்பட்டியல் வைக்கலாம். பின் திகதியிட்ட காசோலையைப் பதிந்தால் அந்தத் திகதி வரும்வரை கணக்கில் சேராமல் நிற்கிறது. காசு கொடுத்து ஏழு மாதம் காத்திருந்து செய்வித்த "வேறு மாதிரி" வியாபாரம் முழுவதும், ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டேலியும் ஒரு காலத்தில் ஒரு கடைக்கென்று எழுதப்பட்டதுதான். ஆலைகளுக்கும் நெசவு மில்களுக்கும் மூலப்பொருட்களும் இயந்திர உதிரிப்பாகங்களும் வழங்கிவந்த ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்ற இந்திய வியாபாரிக்குத் தமது கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்கவில்லை. மகன் பாரத் கோயங்காவிடம் எழுதச் சொன்னார். 1986 இல் அது வெளிவந்தது. என்னைப் போலவேதான் அவரும் ஆரம்பித்தார். வித்தியாசம், அதன் பிறகு பல்லாயிரம் வியாபாரிகள் அதைப் பாவித்து, இது பிழை, அது போதாது என்று சண்டை பிடித்திருக்கிறார்கள். எனது புரோகிராமோடு சண்டை பிடிக்க நான் ஒருவன்தான் இருந்தேன். பழைய பில்லில் புதிய வரி விழும் குறையை மற்றவர்கள் பட்டுத் திருத்திய பிறகு வாங்குவது மலிவு.

2022 ஒக்டோபரில் வற் எல்லை 8 கோடிக்கு இறங்கியது. நாம் மீண்டும் உள்ளே. அதே மாதம் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் வந்தது. 2024 ஜனவரியில் வற் 18 வீதம். ஒவ்வொரு முறையும் கணக்கப்பிள்ளை புதிதாக ஒரு வரிக் கணக்கைத் திறந்துகொண்டார். தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை. பழைய பில் பழைய வீதத்திலேயே நின்றது.

ஆயத்த மென்பொருளுக்கும் கோளாறு இல்லாமல் இல்லை. இந்தியாவுக்கென்று செய்ததில் அவர்களது வரி முறை உள்ளே ஊறியிருக்கும். நமது வரிப் பற்றுச்சீட்டின் வடிவத்துக்கு உள்ளூர் விற்பனையாளர் ஒருவரைக் கொண்டு தனியாக மாற்றம் செய்விக்க வேண்டியிருந்தது. வருடாந்தக் கட்டணம், எத்தனை பேர் ஒரே நேரத்தில் பாவிக்கலாம் என்ற கட்டுப்பாடு, இவற்றையெல்லாம் ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பார்க்காமல் முதல் நாள் விலையை மட்டும் பார்ப்பது பிழை. பெரிய கம்பனியும் கைவிடலாம். குவிக்புக்ஸை நடத்தும் அமெரிக்க நிறுவனமான இன்டுயிட், 2023 இல் இந்தியாவில் அந்தச் சேவையையே மூடியது. அதை நம்பியிருந்தவர்கள் தமது கணக்கை எடுத்துக்கொண்டு வேறிடம் தேடினார்கள். ஆகவே எதை வாங்கினாலும், வாங்குமுன் கேட்க வேண்டியது: எனது முழுக் கணக்கையும் எக்செலில் வெளியே எடுத்துக் காட்டுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிட வேண்டும்.

திருட்டுப் பிரதி மலிவாகக் கிடைக்கிறதே என்பவர்களுக்கு: 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிப் புரோகிராமையும் பாதுகாக்கிறது. ஹலால் ஹராம் பேச்சை உலமாக்களிடம் விடுகிறேன். வரி மாறும் நாளில் திருட்டுப் பிரதிக்காரர் யாரைக் கூப்பிடுவார்?

சரி, தனியாகச் செய்விக்கவே கூடாதா? அப்படியும் சொல்லமாட்டேன். நானும் பிறகு ஒன்று செய்வித்தேன். பைப் வெட்டி விற்கும்போது மிஞ்சும் துண்டுகள் இருப்பில் ஒழுங்காக நிற்பதில்லை. இரண்டு அடி, மூன்றரை அடி என்று களஞ்சியத்தின் மூலையில் காசு கிடந்து துருப்பிடிக்கிறது. இதற்கென்று டேலிக்கு மேலேயே ஒரு சிறு பகுதி எழுதுவித்தேன். நான்கு வாரம், முப்பத்தைந்தாயிரம் ரூபா. இம்முறை மூலப் புரோகிராம் எனது அலுமாரியில் இருக்கிறது. கடைசி இருபதாயிரத்தை, வேறொரு ஆள் அதைத் திறந்து பார்த்துச் சரி என்ற பிறகே கொடுத்தேன். அது நாளைக்கே நின்றாலும் எனது பில் நிற்காது.

செய்விக்கத் தேவையென்று நினைத்து, தேவையில்லாமல் போனதும் உண்டு. ஸகாத்துக்காக வருடத்தில் ஒரு நாள் இருப்பு முழுவதையும் அன்றைய சந்தை விலையில் மதிப்பிடுகிறேன். புத்தகத்தில் நிற்பதோ கொள்விலை. பழைய புரோகிராமில் இதற்கென்றே தனிப் பகுதி கேட்டு மேலதிகமாகக் காசு கொடுத்திருந்தேன். இப்போது இருப்புப் பட்டியலை எக்செலுக்கு எடுத்து, பக்கத்தில் விலைக்கு ஒரு நிரல் சேர்க்கிறேன். அவ்வளவுதான்.

டைல்ஸ் தம்பியை உட்கார வைத்து, ஒரு கொப்பியில் அவரது கடையின் சிக்கல்களை எழுதச் சொன்னேன். மென்பொருள் செய்ய வேண்டியதை அல்ல, கடையில் நடப்பதை. பெட்டியாக வரும், சதுர அடியில் விற்கும். ஒரே டைல்ஸின் இரண்டு தொகுதி நிறத்தில் கொஞ்சம் வித்தியாசப்படும், கலந்து அனுப்பினால் சாமான் திரும்பி வரும். உடைந்த துண்டு கழிவு. பாதி மீதி திரும்பக் கொண்டுவருவார்கள். மேசன் பாஸ்மாருக்குக் கமிஷன். அஸர் வரை எழுதினார், பதினாலு வந்தது. எனது கணினியிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். சதுர அடி சரியாக வந்தது. தொகுதி இலக்கமும் சரி. பதினொன்று சரிவந்தது. பாஸ்மாரின் கமிஷன், உடைவு, திரும்பி வரும் பெட்டி ஆகிய மூன்றும் நாம் நினைத்த மாதிரி வரவில்லை.

"அப்ப இந்த மூன்றுக்குத்தான் ஆறரை இலட்சமா நானா?" என்றார்.

மறுநாள் அவர் கையெழுத்து வைக்கவில்லை. தமது கடையின் ஒரு கிழமைப் பில்களையும் அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு இரண்டு ஆயத்த மென்பொருள் விற்பனையாளர்களிடம் போயிருக்கிறார். எமது மாதிரிக் கணக்கைக் காட்டாதீர்கள், எனது பில்லைப் போட்டுக் காட்டுங்கள் என்றாராம். ஒருவர் அன்றே செய்து காட்டினார். மற்றவர் அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.