புது இசைக்கு வரும் இளம் ஹார்ப் கலைஞருக்கு

ஹார்ப்பில் சமகால இசை பழக வருபவர் முதலில் கால்களைப் பழக்க வேண்டும். கச்சேரி ஹார்ப்பில் 47 தந்திகள். ஒரு ஸ்தாயிக்கு ஏழே தந்திகள். மீதிச் சுரங்களைத் தருபவை ஏழு பெடல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள் உண்டு. ஒரு பெடலை மிதித்தால் அதே பெயருள்ள தந்திகள் பல ஸ்தாயிகளிலும் ஒருசேரச் சுருதி மாறும். செபாஸ்தியன் எரார் 1810-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பன்னிரண்டு சுரங்களும் அடுத்தடுத்து வரும் புது இசையில் கால்களுக்கு ஓய்வே இராது. அதனால் பாடம் கருவியில் அல்ல, பென்சிலில் தொடங்குகிறது: எந்த இடத்தில் எந்தப் பெடல் என்று தாளில் குறித்து முடித்த பிறகே விரல் தந்திக்குப் போக வேண்டும்.

நல்ல ஆசிரியர் யார் என்பதற்கு கார்லோஸ் சால்செடோவைப் பார்க்கலாம். பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அவர் வாசிப்பவர், இசையமைப்பவர், கற்பிப்பவர் என மூன்றுமாக இருந்தார். 1921-இல் இசையமைப்பாளர் எட்கர் வரேஸுடன் சேர்ந்து நியூயார்க்கில் புது இசைக்கென ஒரு சங்கம் தொடங்கினார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய பாடநூல் ஹார்ப்பின் புதிய ஒலிகளுக்குப் பெயரும் குறியீடும் தந்தது. தடித்த மந்தர ஸ்தாயித் தந்திகளை வேகமாக வாரி, அவை ஒன்றோடொன்று மோதினால் இடியொலி. தந்தியின் அடியை இடக்கை விரலால் அழுத்தி வலக்கையால் மீட்டினால் மரத்தைத் தட்டியது போன்ற வறண்ட ஓசை. நகத்தால் மேலிருந்து கீழே சறுக்கினால் ஆலங்கட்டி மழை. இவற்றைத் தனித்தனி வித்தைகளாகப் பழகுவது வீண். ஒவ்வோர் ஒலியும் எந்த ஒலிக்குப் பின் வருகிறது, எங்கே அடங்குகிறது என்று கேட்கச் செய்பவரே ஆசிரியர். ஹார்ப் தந்தி தானாக உடனே நிற்காது. அதை அடக்கும் கையும் மீட்டும் கையைப் போலவே பழக வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் இதைத்தான் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள்.

லூசியானோ பெரியோ ஹார்ப்புக்கு எழுதிய சீக்வென்ஸா 2 (1963) இந்தப் பழக்கத்துக்கு உரைகல். ஹார்ப் என்றால் மென்மையான சறுக்கல் மட்டுமே என்ற எண்ணத்தை அது உடைத்தது. அதிர்வு அடங்குமுன் பெடலை மாற்றினால் எழும் ரீங்காரம்கூட அங்கே இசைதான். இரண்டு பக்கங்களை மாதக்கணக்கில் வாசிக்க நேர்ந்தாலும் வாசிக்கத் தகுந்த படைப்பு.

ஹார்ப்பில் சுண்டுவிரலுக்கு வேலையில்லை, எட்டு விரல்கள்தான். பியானோ முன் உட்கார்ந்து எழுதும் இசையமைப்பாளருக்கு இது மறந்துபோகும். வாசிக்க முடியாத இடம் வந்தால் கலைஞர் சத்தமின்றிச் சுரத்தை விட்டுவிடக் கூடாது. எழுதியவரிடம் போய்க் கருவியைக் காட்ட வேண்டும். கலைஞருக்கும் இசையமைப்பாளருக்கும் இடையிலான இந்த நெருக்கம் புதிதல்ல: சீக்வென்ஸா 2 பிரான்சிஸ் பியர் என்ற கலைஞருக்காகவும், எலியட் கார்ட்டரின் பாரியோலாஜ் (1992) உர்சுலா ஹோலிகருக்காகவும் எழுதப்பட்டவை. தன் வயதை ஒத்த இசையமைப்பாளர் ஒருவரையாவது இளம் கலைஞர் இந்த ஆண்டே தேடிப் போகட்டும்.