பெட்டியை எங்கே மாட்டுவது?

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் பள்ளிக்காக நீ எழுதிய மாணவர் பாதுகாப்புத் திட்ட வரைவை முழுசாகப் படித்துவிட்டேன். (என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவளை டீச்சர் என்று கூப்பிடுவதில் எனக்கு ஒரு சந்தோஷம், பொறுத்துக்கொள்.) 1098, 14417 உதவி எண்கள் இரண்டையும் சுவரில் எழுதிவைப்பது, பெற்றோர் கூட்டம், பயிற்சி வகுப்பு எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். அதற்குள் நான் போகவில்லை.

பத்தாம் பக்கத்தில்தான் கோபம் வந்தது. பாலியல் புகார் வந்தால் முதலில் பள்ளி அளவில் விசாரித்து, உண்மை என்று தெரிந்தபின் காவல்துறைக்குச் சொல்வதாம். இதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது? 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவைப் படி. குற்றம் நடந்தது தெரிந்தவரும் சொல்ல வேண்டும், நடந்துவிடுமோ என்று அஞ்சுகிறவரும் சொல்ல வேண்டும். உண்மையா பொய்யா என்று பார்க்கும் வேலையை அது தலைமையாசிரியருக்குக் கொடுக்கவில்லை. தன் கீழ் வேலை செய்பவர் மீதான புகாரைச் சொல்லாமல் விட்டால் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. அது 21ஆம் பிரிவு. சட்டம் கிடக்கட்டும், பள்ளி அளவில் விசாரணை என்றால் என்ன நடக்கும்? பிள்ளையை ஸ்டாஃப் ரூமில் நிற்கவைத்து நாலு பேர் கேட்பார்கள். ராத்திரியே ஊர்ப் பெரியவர்கள் அவள் வீட்டுக்குப் போவார்கள். "பொம்பளப் பிள்ள, பேரு கெட்டுரும்." அந்த வாரமே அவள் டிசி வாங்கிக்கொண்டு போய்விடுவாள், சார் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். அந்தப் பத்தியை அடித்துவிடு.

அடுத்தது பெட்டி. 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் வைக்கப்போகிறீர்களாம், மேலே கேமரா வேறு. அதில் சீட்டுப் போட எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்? வருஷக் கடைசியில் திறந்தால் பல்லி முட்டையும் மிட்டாய்த் தாளும் இருக்கும். புகார் ஏதுமில்லை என்று மேலே அறிக்கை போகும். ஒன்றைப் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் திரும்பும் மூலையில் மாட்டு. பையன்களுக்கு சைக்கிள் ஸ்டாண்டில் இன்னொன்று.

கழிப்பறை என்றதும் நீ சிரிப்பாய், கிழவி ஆரம்பித்துவிட்டாள் என்று. ஆரம்பிக்கத்தான் செய்வேன். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பயந்து காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன மனநல ஆலோசனை கொடுப்பாய்? தலைவலி, நீர்க்கடுப்பு, மாதாமாதம் அந்த நாட்களில் லீவு. கவனம் இல்லை என்று வகுப்பில் திட்டு வேறு. இத்தனை பக்கத்தில் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வரி உண்டா? வாளி, நாப்கின் போட மூடியுள்ள கூடை? அடுத்த வரைவில் முதல் பக்கத்திலேயே வரட்டும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சத்துணவு ஆயாம்மா ஒருவர் இருந்தார். யார் தட்டில் சோறு மிஞ்சுகிறது, யார் தம்பிக்காக டப்பாவில் ஒளிக்கிறது, யார் பக்கத்தில் உட்கார யார் மறுக்கிறார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருநாள் கரண்டியோடு என் அறைக்கே வந்துவிட்டார். "டீச்சர், அந்த ஒம்பதாங்கிளாஸ் பிள்ள மூணு நாளா முட்டையத் தொடல. கல்யாணப் பேச்சு நடக்கு போல." போய்ப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பதினாலு வயசு. 1098க்குச் சொல்லி நிறுத்தினோம். பாராட்டு எனக்கு வந்தது, ஆயாம்மாவுக்கு ஒன்றும் இல்லை. நீயும் பள்ளியின் மாணவர் பாதுகாப்புக் குழுவில் ஆசிரியர் அல்லாதவருக்கான இடத்தில் ஆபீஸ் எழுத்தரைப் போட்டிருக்கிறாய். அவர் மத்தியானம் பிள்ளைகளோடு உட்கார்கிறாரா, கேட்டுச் சொல்.

ஆனால் கடைசியில் இணைத்திருக்கிறாயே அந்த வரைபடம்! பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளியைச் சுற்றி நடந்து, பயமாக இருக்கும் இடத்தை அவர்களையே சிவப்புப் பென்சிலால் வட்டம் போடவைத்திருக்கிறாய். என் காலத்தில் வந்த சுற்றறிக்கைகள் அத்தனையும் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. மாடிப்படிக்குக் கீழே, லேபுக்குப் பின்னால், பஸ் ஸ்டாப். இவை நான் எதிர்பார்த்தவை. ஒரு வட்டம் மட்டும் ஒரு வகுப்பறைக்குள் இருக்கிறது, பக்கத்தில் ஒரு பீரியட் எண். அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். எழுதியது யாரென்று விசாரிக்கவும் கிளம்பாதே. வகுப்பில் எல்லோரிடமும் ஒவ்வொருவராகத் தனியே பேசு, இந்த வாரமே. அதற்கு முன் அந்தப் பக்கத்தை வரைவிலிருந்து எடுத்துவிடு. பிள்ளையின் கையெழுத்து அந்த ஆசிரியருக்கு நன்றாகவே தெரியும்.