அடக்க முடியாத சிறுநீர்: வெட்கம் வேண்டாம், வைத்தியம் உண்டு



மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலையில், நாகமலை அடிவாரத்தில் இருக்கிறது நாகமலை புதுக்கோட்டை. இங்கிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வேலைக்குப் போய்வரும் பெண்கள் அநேகர். அவர்களில் சிலர் காலையில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் புறப்படுகிறார்கள். காரணம் கேட்டால் முதலில் சொல்லமாட்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவசரம் வந்தா அடக்க முடியல டாக்டரம்மா. வயசானா இப்படித்தானே?" என்பார்கள். இப்படிப்பட்டவர்கள் ஆலயத்திலும் வாசலோரமாகக் கடைசியில்தான் உட்காருவார்கள். சிலர் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

வயதானால் இது எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. இது வைத்தியம் உள்ள ஒரு வியாதி. அதைக் குறித்து இந்த இதழில் கற்றுக்கொள்வோம்.

உள்ளே நடப்பது என்ன?

சிறுநீர்ப்பை தசையால் ஆனது. பெரியவர்களுக்குச் சுமார் 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். நிறையும்போது தசை தளர்ந்திருக்கும். நாம் கழிப்பறைக்குப் போனபின்தான் சுருங்கும். சுருங்கும்படி நரம்பு சொல்வதைத் தசைக்குக் கொண்டு சேர்ப்பது அசிடைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள். இந்த வியாதியில் பை நிறையுமுன்பே தசை தானாகச் சுருங்கப் பார்க்கிறது. ஆகவே திடீரென்று அவசரம் வருகிறது. பகலில் அடிக்கடி போகவேண்டியிருக்கிறது. இரவில் தூக்கம் கெடுகிறது. சிலருக்கு வழியிலேயே கசிந்துவிடுகிறது.

மாத்திரைக்கு முன்பு

சர்க்கரை வியாதி, சிறுநீர்த் தொற்று, கல், ஆண்களுக்கு பிராஸ்டேட் வீக்கம் ஆகியவற்றிலும் இதே தொல்லை வரலாம். எனவே முதலில் சிறுநீரும் இரத்தத்தில் சர்க்கரையும் பரிசோதிக்கப்படவேண்டும். பின்பு மூன்று நாட்களுக்கு, எவ்வளவு குடித்தோம், எத்தனை முறை போனோம் என்று எழுதிவரச் சொல்கிறோம். டீ, காபியைக் குறைக்கவேண்டும். அவசரம் வரும்போது ஓடாமல் நின்று, சிறுநீரை அடக்குகிற தசைகளை இறுக்கிப் பிடித்து, சில நிமிடம் பொறுத்துப் போகப் பழகவேண்டும். இந்த இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். தண்ணீரை அறவே நிறுத்துவது தவறு. சிறுநீர் கெட்டியானால் எரிச்சல் கூடும்; நம் ஊர் வெயிலில் கல் உண்டாகவும் இடமாகும்.

மாத்திரை எப்படி உதவுகிறது?

பயிற்சி மட்டும் போதாதவர்களுக்கு மருத்துவர் மாத்திரை எழுதுவார். ஆக்சிபியூட்டினின் அமெரிக்காவில் 1975-ல் அனுமதி பெற்ற பழைய மருந்து. டோல்டெரோடின், சோலிஃபெனசின் ஆகியவை பின்னால் வந்தவை. இவை மூன்றும் அசிடைல்கோலினின் வேலையைத் தடுத்துத் தசையை அமைதிப்படுத்துகின்றன. அமெரிக்காவில் 2012-ல் அனுமதி பெற்ற மிராபெக்ரான் வேறு வழியில் தசையைத் தளர்த்துகிறது. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக்கூடாது.

ஆனால் எச்சரிக்கையும் தேவை. அதே அசிடைல்கோலின் உமிழ்நீர், குடல், கண், வியர்வை ஆகியவற்றிலும் வேலை செய்கிறது. ஆகவே முதல் மூன்று மருந்துகளால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், பார்வை மங்கலாம். வியர்வை குறைந்து உடல் சூடேறலாம் என்பதால் சித்திரை வெயிலில் கவனம் வேண்டும். முதியவர்களுக்கு ஞாபகக் குழப்பமும் வரக்கூடும். சிலவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களும், சிறுநீர் முழுவதும் பிரியாதவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் இவற்றைத் தொடக்கூடாது. மிராபெக்ரானில் வாய் உலருவது குறைவு. ஆனால் இரத்த அழுத்தம் ஏறக்கூடும். அடுத்த வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கி விழுங்குவது ஆபத்து.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு

நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு இவ்வகை மருந்து இன்னும் முக்கியம். சிறுநீர்ப்பையின் உள் அழுத்தம் அதிகமானால் அவர்களுடைய சிறுநீரகமே கெட்டுப்போகலாம். ஆகவே அநேகருக்கு மாத்திரையோடு, குழாயை நுழைத்துத் தாங்களே சிறுநீரை வெளியேற்றவும் கற்றுக்கொடுக்கப்படுகிறது. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இப்படிப்பட்டோருக்கான மறுவாழ்வுப் பணியைக் கட்டியெழுப்பினார் என்பதை நன்றியோடு நினைக்கிறோம்.

நாம் செய்யக்கூடியது

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இந்தப் பாடத்தை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். கேட்கிறவர்களில் யாரோ ஒருவருக்கு, தான் மட்டும் இப்படியில்லை என்று அன்று தெரியவரும். ஆலயக் கழிப்பறை ஆராதனை நேரத்தில் பூட்டியிராமல், தண்ணீரோடு சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் எழுந்து போகிற தாயாரைத் திரும்பிப் பார்க்காதிருங்கள். கொஞ்ச நாளாக வராதிருக்கிற ஒருவரை வீட்டில் போய்ச் சந்தித்து, "வைத்தியம் இருக்கு, வாங்க" என்று சொல்லுங்கள். சிகிச்சை பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் தொடங்குகிறது.